தாலிக்குச் சாட்சி கேட்கிறார்கள்

நான் கலியாணம் கட்டியவள் என்று நிரூபிக்க வேண்டுமாம்! கொழும்பு கொட்டாஞ்சேனைக் கோயிலில் ஐயர் அக்கினி வளர்க்க, சொந்தபந்தமெல்லாம் பார்த்திருக்க, கூறை உடுத்துக் கழுத்தை நீட்டியவள் நான். மூன்று பிள்ளைகளைப் பெற்றேன். மூத்தவன் தகப்பனுக்குக் கொள்ளி வைத்ததையும் இந்தக் கண்ணால் பார்த்தேன். அவருடைய ஓய்வூதியத்துக்காக ஒரு கந்தோரில் போய் நின்றால், முகத்தை நிமிர்த்தாமலே கேட்கிறார்கள்: "விவாகச் சான்றிதழ் எங்கே?"

அந்த நாளில் எங்கள் வீடுகளில் தாலிதான் கலியாணம். எழுத்து எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. படங்களைக் காட்டலாமென்றால், அவை 1983 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டோடு எரிந்துபோயின. ஐயர் காலமாகிவிட்டார். சாட்சி சொல்லக்கூடியவர்கள் டொரொண்டோவிலும் லண்டனிலும். பதிவில்லாவிட்டாலும் வழக்கப்படி நடந்த திருமணம் செல்லும் என்று இந்நாட்டு நீதிமன்றங்கள் எத்தனையோ தடவை ஏற்றிருக்கின்றன. ஆனால் அப்படியொரு தீர்ப்பை நான் வழக்காடித்தான் வாங்க வேண்டும். எந்தக் காசில்?

அதே கொட்டாஞ்சேனையில்தான் புனித லூசியாள் பேராலயமும் இருக்கிறது. அங்கே சுவாமியார் நடத்திவைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் அதுவே சட்டப்படியான கலியாணம். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் கிறிஸ்தவ ஆலயங்களுக்கும் குருமாருக்கும் அந்த உரிமையைக் கொடுத்தது. கொடுக்கட்டும். அயலவர்மேல் எனக்கென்ன பொறாமை? என் கோயிலை ஏன் தள்ளிவைத்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். விகாரையையும் தள்ளித்தான் வைத்தார்கள். போறுவை மேடையில் ஏறும் சிங்களப் பிள்ளைக்கும் பதிவாளர் வந்தாக வேண்டும்.

இத்தனைக்கும் பொன்னம்பலம் அருணாசலம் இந்நாட்டின் பதிவாளர் நாயகமாக இருந்தவர். அவருடைய தமையன் இராமநாதன் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் எழுப்பியவர். பதிவும் கோயிலும் ஒரே வீட்டார் பார்த்த வேலைகள். என்ன பயன்?

இன்றைக்கு வெள்ளவத்தைக் கலியாணங்களைப் போய்ப் பாருங்கள். ஒன்றில் முகூர்த்தத்துக்கு முன்னமே எழுத்தை முடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் விசேட அனுமதிப்பத்திரத்துக்குக் காசு கட்டிப் பதிவாளரை மண்டபத்துக்கே கூப்பிடுகிறார்கள். அவர் அடுத்த கலியாணத்துக்கு ஓடுமுன் பொம்பிளையை மணவறையிலிருந்து எழுப்பிக் கையெழுத்து வைப்பிக்கிறார்கள். ஐயர் மந்திரத்தோடு காத்திருக்கிறார்.

இந்த விவாகப் பதிவுச் சட்டத்தை எங்கள் தலையில் கட்டிய வெள்ளைக்காரன் தன் நாட்டில் என்ன செய்கிறான்? அங்கே 1949ஆம் ஆண்டு விவாகச் சட்டத்தின்கீழ் இந்துக் கோயிலையும் திருமணத்துக்கென்று பதியலாம். அப்படிப் பதிந்த லண்டன் கோயிலில் தாலி கட்டிய கையோடு அங்கேயே கையெழுத்தும் வைக்கலாம். கொழும்பில் நூறு வருடம் கடந்தும் முடியவில்லை.

பாராளுமன்றத்தில் இருக்கிற ஐயாமாரே, அம்மாமாரே! கோயிலையும் விகாரையையும் பதிய வழிவிடுங்கள். ஐயரின் கையிலும் அந்தப் பதிவேட்டைக் கொடுங்கள். அதற்கு நாளெடுக்குமென்றால், என்னைப் போன்ற கிழவிகளின் சத்தியக்கடதாசியை ஏற்கும்படி கந்தோர்களுக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள். நாங்கள் உயிரோடு இருக்கும்போதே அனுப்புங்கள்.