யந்திரத்துக்கு மூளை வாங்கப் போனவர்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, பல ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் பௌதிகவியல் பயின்ற மாணவர் ஒருவர் எமது இல்லம் தேடி வந்தார். கையிலே பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. உடப்பிலிருந்து வருகிறவர் வெறுங்கையோடு வருவதில்லை என்பது இக்கரையோரத்தார் யாவரும் அறிந்ததே. கருவாடாக இருக்குமோ என்று எண்ணி, எமது வீட்டு அம்மையார் சற்றே முகஞ் சுழித்தவாறு சமையலறை வாயிலில் நின்றார். பொட்டலத்தைப் பிரித்த போது வெளிவந்தது கருவாடன்று. உடைந்து போன மோட்டார் பிஸ்டன் ஒன்று!

வளையங்கள் பொருந்தும் பள்ளங்களுக்கு இடையிலுள்ள வரம்பு, பிஸ்கோத்தைக் கடித்தெடுத்தாற் போலச் சிதைந்திருந்தது. "சேர், இது ஏன் இப்படி ஆனது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார் அவர்.

கதை இதுதான். கட்டாரில் ஆறாண்டுகள் உழைத்துத் திரும்பியவர், பழைய 'டொயோட்டா ஸ்டார்லெட்' டர்போ காரொன்றை வாங்கினார். கொள்ளளவு 1,331 கன சென்ரிமீற்றர்தான். ஆயினும் சிறிய உடம்பிற் பெரிய மூச்சு உள்ள வண்டி. அநுராதபுரம் சாலியபுரவில் நடைபெறும் கஜபா சுப்பர்குரொஸ் ஓட்டப் போட்டியிலே ஒரு நாளாவது பங்குபற்ற வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. யாரோ ஒருவரது கராஜிலே காற்றமுக்கத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். அமுக்கம் எல்லை கடந்தால் எரிபொருளை நிறுத்தி யந்திரத்தைக் காக்கும் ஏற்பாடு அவ்வண்டியில் இருந்தது. அக்காவலனுக்குப் பொய் சொல்லும் சிறு கருவியொன்றையும் அங்கே பூட்டி விட்டார்கள். முந்தலுக்கும் பத்துலு ஓயாவுக்கும் இடையே, தகரப் பேணியிற் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற் போன்ற ஓசை கேட்டதாம்; சற்று நேரத்தில் நீலப் புகை. தங்கையின் கலியாணத்துக்கென ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரு பங்கு அந்தப் புகையோடு போயிற்று.

இப்போது யந்திரத்துக்குப் புதிய 'மூளை' ஒன்று வாங்கிப் பூட்டினால் எல்லாம் சரியாகி விடும் என்கிறார்கள். மூவரிடம் விலை கேட்டிருக்கிறார். யாவும் இலட்சக் கணக்கில். "எதை வாங்குவது, சேர்?" என்பதுதான் அவரது வினா. உள்ளேயிருந்து அவரது தாயாருக்காகவும் சேர்த்து எமது அம்மையார் பெருமூச்சு விட்டது எமக்குக் கேட்டது.

மோட்டார் ஓட்டப் பந்தயத்துக்கும் எமக்கும் வெகு தூரம். ஆனால் வினா பௌதிகவியலைச் சார்ந்தது. அதனினும் கூடுதலாக விவேகத்தைச் சார்ந்தது. ஆகவே அன்று அவரோடு உரையாடியவற்றை வாசகர்களோடும் பகிர்ந்து கொள்ள விரும்புகிறோம். வீட்டிலே மோட்டார்ப் பித்துக் கொண்ட இளைஞர் இருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படலாம்.

வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கி உருளைக்குள் செலுத்தும் முறைக்கு சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். கூடுதலான காற்று, கூடுதலான எரிபொருள், கூடுதலான வலு, தத்துவம் இவ்வளவே. மாம்புரிப் பக்கமாகச் செல்வோர் காற்றாலைகளைக் கண்டிருப்பர். காற்று மிஞ்சும் போது ஆலை தன் இதழ்களைத் திருப்பிக் கொண்டு தன்னைக் காத்துக் கொள்கிறது. டர்போவிலும் அவ்வாறே, மிஞ்சிய புகையைப் பக்க வழியே விட்டு விடும் கதவொன்று உண்டு. இக்கதவை எப்பொழுது திறப்பது, எரிபொருளை எவ்வளவு விடுவது, தீப்பொறியை எக்கணத்தில் எழுப்புவது என்று தீர்மானிப்பதே நாம் மூளை என்று சொல்லும் கணினியின் வேலை.

அவ்வேலை எத்துணை நுட்பமானது என்று சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். யந்திரம் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் போது செக்கனுக்கு 100 சுழற்சிகள். நான்கு உருளைகளில் செக்கனுக்கு 200 தடவை தீ மூள்கிறது. சுழல்தண்டு ஒரு பாகை திரும்புவதற்கு ஆகும் நேரம் ஒரு செக்கனில் 36,000இல் ஒரு பங்கு! அதற்குள் உள்வரும் காற்றின் அமுக்கம், வெப்பநிலை, நீரின் சூடு, கால்மிதியின் நிலை ஆகியவற்றை உணரிகள் மூலம் அறிந்து, ஞாபகத்திலுள்ள அட்டவணையைப் புரட்டி, கணினி கட்டளையிட வேண்டும்.

அந்த அட்டவணைதான் உயிர்நாடி. ஒரு பங்கு பெற்றோலை முற்றாக எரிக்க நிறையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போ முழு விசையில் வேலை செய்யும் போதோ, 12 பங்கு அல்லது அதற்கும் சற்றுக் குறைவான காற்றே இருக்கும்படி எரிபொருளைக் கூட்டுவார்கள். மிகையான பெற்றோல் உருளையின் சூட்டைத் தணிக்கும். புத்தளத்து உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பாத்தியிலுள்ள நீர் ஏறக்குறைய 25 போமே பாகையை எட்டும் போது உப்பு விளைகிறது. 30ஐ நெருங்க விட்டாலோ கசப்புப் பொருள்களும் சேர்ந்து படிந்து விடும். ஆகையால் அதற்கு முன்னரே கசப்பு நீரை வெளியேற்றுவார்கள். அளவு கோலின்றிக் கண்மதிப்பால் உப்பு விளைவிப்பவன் எப்படி நட்டப்படுவானோ, அப்படியே கலவையை அளக்காமல் காற்றமுக்கத்தைக் கூட்டுபவனும் நட்டப்படுவான். கலவையிற் பெற்றோல் குறைந்தாலும், தீப்பொறி உரிய வேளைக்கு முந்தினாலும், எரியாமல் எஞ்சிய வாயு தானாகவே வெடித்தெழுகிறது. எம் மாணவர் கேட்ட கூழாங்கல் ஓசை அதுவே. பிஸ்டனின் வரம்பை உடைத்ததும் அதுவே.

இது புதிய நோயன்று. 1962இல் அமெரிக்காவில் 'ஒல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர்' என்னும் டர்போ கார் விற்பனைக்கு வந்தது. இவ்வெடிப்பைத் தடுக்க, நீரும் மெதனோலும் கலந்த திரவத்தைச் சிறுகச் சிறுக உட்செலுத்தும் ஏற்பாட்டை அதிற் செய்திருந்தார்கள். ஆனால் உடைமையாளர் பலர் அத்திரவத்தை மீள நிரப்ப மறந்தார்கள். நாளடைவில் டர்போவையே கழற்றி விட்டுச் சாதாரண வண்டியாக மாற்றிக் கொண்டவர்களும் உண்டு. காவலை ஏற்படுத்துவது மட்டும் போதாது, அதைப் பேணவும் வேண்டும் என்பது அன்றே கிடைத்த பாடம். பின்னர் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1967இல் மின்னியல் எரிபொருட் செலுத்து முறையையும், 1979இல் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கணினி ஆளும் முறையையும் சந்தைக்குக் கொண்டு வந்தது. இன்று அவுஸ்திரேலியாவின் ஹோல்டெக், மோடெக், நியூசிலாந்தின் லிங்க் முதலிய நிறுவனங்கள் எந்த வண்டிக்கும் பூட்டத் தக்க மூளைகளை விற்கின்றன. கைப்படத் தாமே இணைத்துக் கற்க விரும்புவோருக்கு 'மெகாஸ்குவேர்ட்' போன்ற மலிவான வகைகளும் உண்டு.

இனித் தெரிவுக்கு வருவோம். "முதலில், உமக்கு இது வேண்டுமா?" என்று கேட்டோம். வண்டியைத் தொழிற்சாலை செய்த நிலையிலேயே ஓட்டுவதாயின், தொழிற்சாலை எழுதிய அட்டவணையை விடச் சிறந்தது கிடைப்பது அரிது. டர்போவையோ எரிபொருட் குழல்களையோ பெரிதாக மாற்றும் போதுதான் பழைய அட்டவணை பொய்யாகிறது.

வேண்டுமெனின், வகைகள் மூன்று. பழைய கணினியின் ஞாபகத்தையே திருத்தி எழுதுவது ஒன்று. வண்டி இடங்கொடுத்தால் இது சிக்கனமானது. உணரிக்கும் கணினிக்கும் நடுவே நின்று செய்தியைத் திரித்துச் சொல்லும் இடைக்கருவி மற்றொன்று. சிறு மாற்றங்களுக்கு உதவும், ஆனால் இரு எசமானர்களுக்கு இடையே யந்திரம் தடுமாறுவதும் உண்டு. பழையதை அகற்றி விட்டு முழுப் பொறுப்பையும் ஏற்கும் தனிக் கணினி மூன்றாவது. இதிலும் பழைய இணைப்பியிலேயே பொருந்துவது, கம்பிகளையெல்லாம் புதிதாக இழுக்க வேண்டியது என இரு பிரிவுகள்.

மூன்றாம் வகையை வாங்குவோர் விற்பவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்.

ஒன்று: இந்த யந்திரத்தின் சுழல்தண்டு உணரி அனுப்பும் சைகையை இக்கணினி ஐயமின்றிப் புரிந்து கொள்ளுமா? இதே யந்திரத்தில் பூட்டி ஓடுகின்ற வண்டியொன்றைக் காட்ட முடியுமா?

இரண்டு: காவல்கள் எவை? எண்ணெய் அமுக்கம் வீழ்ந்தால், பெற்றோல் அமுக்கம் குறைந்தால், கலவையில் எரிபொருள் குறைந்தால், வெடிப்போசை கேட்டால், காற்றமுக்கம் மிஞ்சினால், சாரதி கவனியாதிருக்கும் போதும் தானே விசையைக் குறைக்குமா? எத்தனை குதிரை வலு என்று கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

மூன்று: அட்டவணையை எழுதப் போகிறவர் யார்? வண்டியை உருளையிலேற்றி வலுவை அளக்கும் வசதி அவரிடம் உண்டா? எழுதிய பின் கடவுச்சொல்லிட்டுப் பூட்டி விடுவாரா, உடைமையாளரிடம் ஒப்படைப்பாரா? உலகப் புகழ் பெற்ற கணினியாயினும், அதை அறிந்தவர் எட்டும் தூரத்தில் இல்லையெனில் அது சிலாபத்தில் இருந்தும் இல்லாததே.

நான்கு: எந்தப் பெற்றோலுக்கு எழுதுவது? எமது நாட்டில் 92 ஒக்டேன், 95 ஒக்டேன் என வகைகள் உண்டு. 95க்கென எழுதிய அட்டவணையோடு 92ஐ நிரப்பினால் கூழாங்கல் மீண்டும் குலுங்கும். 2022ஆம் ஆண்டில் நாட்கணக்கில் வரிசையில் நின்று, கிடைத்ததை நிரப்பிக் கொண்டவர்கள் நாம். ஆதலால் 92க்கெனத் தனி அட்டவணையொன்றும் இருப்பது நன்று. குளிர்ந்த மாலை வேளையில் எழுதியது, கற்பிட்டி வீதியின் நண்பகல் வெயிலுக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

ஐந்து: கடற்காற்று. உப்பை விளைவிக்கும் இதே காற்று செம்புக் கம்பியைப் பச்சை பூக்கச் செய்கிறது. உணரியிலிருந்து வரும் கம்பி அரித்துப் போனால் கணினிக்குப் பொய்ச் செய்தி போகும். மூளை எத்துணை கூரியதாயினும் முடிவு தவறும். நீர் புகாத இணைப்பிகளுக்கும் நல்ல தரை இணைப்புக்கும் செலவிடும் பணம் வீண் போகாது. கணினியை யந்திரத்தின் அருகே வையாமல் வண்டியின் உட்புறத்தில் வைப்பதே தகும்.

ஆறு: மொத்தச் செலவு. கணினியின் விலையோடு அகன்ற அளவுள்ள ஒட்சிசன் உணரி, பெற்றோல் பம்பு, கம்பி வேலை, அட்டவணை எழுதும் கூலி ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். கையிலுள்ளதை முழுதும் மூளைக்கே கொடுத்து விட்டு, தடையையும் ரயரையும் பழையபடியே விட்டு வைப்பவர் அறிவாளியல்லர்.

இந்த இடத்தில் நாம் சற்று நிறுத்தினோம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவையில் நிகழ்ந்த பொக்ஸ் ஹில் போட்டியிலே, ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர் நடுவே பாய்ந்தது. எழுவர் மாண்டனர், அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. பொறியின் வலுவைக் கூட்டுவது கணக்கு. அவ்வலுவை எங்கே, யார் அருகில் பிரயோகிக்கிறோம் என்பது அறம். மாணவர் தலை குனிந்திருந்தார். முந்தலுக்கு அண்மையில் பாடசாலைப் பிள்ளைகள் வீதியைக் கடக்கும் இடங்கள் அவர் அறியாதவையல்ல.

"அம்மாவிடம் கணக்குச் சொன்னீரா, தம்பி?" என்று எமது அம்மையார் கேட்டார். அதற்கு மட்டும் அவர் விடை கூறவில்லை. எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு விடைபெற்றார்.

மூன்று கிழமைகளின் பின் மீண்டும் வந்தார். இம்முறை தாயாரையும் அழைத்து வந்திருந்தார். விலை சொன்ன மூவரிடமும் தாளைக் காட்டினாராம். ஒருவர், "இதெல்லாம் வேண்டாத கேள்வி, நான் முப்பது குதிரை கூட்டித் தருகிறேன்" என்றார். ஒருவர் பதில் சொல்லத் தெரியாது விழித்தார். மூன்றாமவரோ தாளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்து, "முதலில் யந்திரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். பொய் சொல்லும் கருவியைக் கழற்றுங்கள். ஆறு மாதம் ஓட்டிய பின் என்னிடம் வாருங்கள்" என்றாராம். வியாபாரத்தை ஒத்தி வைத்த அவரிடமே வியாபாரம் செய்வதென்று எம் மாணவர் முடிவு கட்டியிருக்கிறார். தங்கையின் பணத்தில் எஞ்சியது வங்கிக்குத் திரும்பி விட்டது. குறைந்து போன பங்கையும் மாதாமாதம் நிரப்புவதாகத் தாயாரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். சாலியபுர ஆசை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

புறப்படும் வேளையில், "பிஸ்டனை எடுத்துப் போக மறந்து விட்டீரே" என்றோம். "உங்களிடமே இருக்கட்டும், சேர். அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்" என்றார். அது இப்போது எமது மேசை மீது விடைத்தாள்கள் பறந்து விடாமற் காத்துக் கொண்டிருக்கிறது. அவர் இம்முறை மெய்யாகவே கொண்டு வந்த கருவாடு அயல் வீட்டுக்குப் போயிற்று.