பழங்காசுகளும் பட்டறை உலையும்

பாண்டியன் சபையிலே கட்டித் தொங்கவிட்ட பொற்கிழியை வாதில் வென்று, யானைமீது பவனி வந்த பெரியாழ்வார் அவதரித்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவருடைய சரித்திரத்தைக் கேட்டவர்கள் அந்தக் கிழியை மறக்க மாட்டார்கள். ஆனால் அதற்குள் இருந்த பொற்காசுகள் எத்தகையவை, எந்த முத்திரை பொறித்தவை, என்ன எடையுள்ளவை என்று கேட்டால் விடை சொல்வார் ஒருவரும் இலர். கதை நம்மிடம் தங்கிற்று, காசு தங்கவில்லை. அது ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய விஷயம், போகட்டும். நம்முடைய பாட்டன்மாரின் மடி முடிச்சிலும் பாட்டிமாரின் சிறுவாட்டுக் கலயத்திலும் இருந்த நாணயங்கள் இன்று நம் கண்ணெதிரே அழிந்து வருகின்றனவே, அதற்குப் பொறுப்பாளி யார்?

இக்கேள்வியை இப்பொழுது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2025-ஆம் வருஷத்தில் வெள்ளியின் விலை கிலோ ஒன்றுக்கு லட்ச ரூபாயைக் கடந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் வழங்கிய பழைய வெள்ளி ரூபாயின் எடை 180 குன்றிமணிகளல்ல, 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. லட்ச ரூபாய் விலையில் கணக்கிட்டாலும் ஒரு நாணயத்திலுள்ள வெள்ளி மாத்திரம் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பெறுகிறது. மகள் கலியாணம், பிள்ளையின் காலேஜ் சம்பளம், வைத்தியச் செலவு என்று ஏதேனும் ஒரு நெருக்கடி வந்ததும் பெட்டியின் அடியிலிருக்கும் ரூபாய்கள் கடைவீதிக்கு வருகின்றன. அங்கே தராசுதான் நீதிபதி. ராணி தலையானாலும் ராஜா தலையானாலும், 1862 ஆனாலும் 1911 ஆனாலும் எல்லாவற்றுக்கும் எடை ஒன்று, விலை ஒன்று. மறுநாள் அவை உலையில் உருகிக் கொலுசாகவோ குங்குமச் சிமிழாகவோ மாறிவிடுகின்றன.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இவ்விஷயத்தில் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய ஊர்கள். ஒன்று பருத்தியாலும் பஞ்சாலையாலும் வளர்ந்த ஊர். மற்றொன்று கோயிலையும் திருவிழாவையும் சுற்றி வளர்ந்த ஊர். பஞ்சு விற்ற பணமும் உண்டியல் காணிக்கையும் உலோகமாகவே கைமாறிய காலம் இவ்விரு ஊர்களிலும் நெடுங்காலம் நடந்தது. ஆகவே இந்த வட்டாரத்தின் பழைய வீடுகளில் பழங்காசு இருப்பது ஆச்சரியமன்று. அதன் மதிப்பை வீட்டுக்காரர் அறியாமலிருப்பதுதான் பரிதாபம்.

நாணயம் பழையதாயிருந்தால் போதும், விலை ஏறிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. விக்டோரியா ராணியின் ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பான்மைக்கு வெள்ளி விலைக்குமேல் சிறிதளவே அதிகம் கிடைக்கும். விலையை நிர்ணயிப்பது வயதன்று, அருமை. எத்தனை அடித்தார்கள், அவற்றில் எத்தனை மிஞ்சின, மிஞ்சியது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தே விலையாகின்றன.

ஓர் உதாரணம் கூறுவோம். 1911-ஆம் வருஷத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்துடன் முதன்முதலாக ரூபாய் வெளிவந்தது. மன்னரின் அங்கியில் செதுக்கியிருந்த யானை, சிற்பியின் கைப்பிசகால் பன்றியைப்போல் தோன்றிற்று. ஜனங்களிடையே ஆட்சேபம் கிளம்பியது. சுமார் 94 லட்சம் ரூபாய்கள் அடிக்கப்பட்டிருக்க, ஏறக்குறைய 7 லட்சம் மாத்திரமே வெளியாகியிருந்தன. எஞ்சியவற்றை ஸர்க்கார் உருக்கிவிட்டு, 1912-ல் தும்பிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும்படி யானையைத் திருத்தி வேறு ரூபாய் அடித்தார்கள். அந்த 1911-ஆம் வருஷத்து ரூபாயைச் சேகரிப்போர் இன்று தேடித் திரிகிறார்கள். நம் கடைவீதித் தராசுக்கோ 1911-க்கும் 1912-க்கும் வித்தியாசம் தெரியாது.

வெள்ளி ரூபாய் எப்படி மறைந்தது என்பதும் நம் ஜனங்கள் அறிய வேண்டிய சரித்திரம். இரண்டாவது உலக யுத்தம் வந்ததும் 1940-ல் ரூபாயிலுள்ள வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. விக்டோரியா ரூபாய் 1941 மார்ச்சுக்குப் பின் செல்லாதென்றார்கள். எட்வர்டு ரூபாய் 1942-லும், பழைய தரத்தில் அடித்த ஜார்ஜ் ரூபாய்கள் 1943-லும் அதே கதியை அடைந்தன. செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது காலணாவின் நடுவே துளை விழுந்தது. ஓட்டைக் காலணா என்று நம் பெரியோர் சொன்னது அதைத்தான். யுத்தத்தின்போது அமெரிக்காவிடம் வாங்கிய வெள்ளிக் கடனைத் திருப்ப வேண்டியிருந்தமையால், 1947-ல் பாதி வெள்ளியும் போய் ரூபாய் நிக்கல் ஆயிற்று. யுத்தம் செய்வதா வேண்டாமா என்று இந்த நாட்டைக் கேட்டவர் இல்லை. ஆயினும் அதன் செலவில் ஒரு பகுதி நம் குடியானவனின் மடியிலிருந்த வெள்ளியிலிருந்தே வந்தது. பழைய தரத்தில் கடைசியாக அடிக்கப்பட்ட 1939-ஆம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இன்று மிக அரிதாகிவிட்டதன் காரணமும் இதுவே. அதற்குப் போலிகளும் மலிந்திருக்கின்றன என்பதைச் சேகரிப்போர் நினைவில் வைக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் அடித்த ரூபாய்க்காக நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும் என்று சில தேசபக்தர்கள் கேட்கலாம். அடிமைப்பட்டிருந்த காலத்தின் அத்தாட்சியும் நமது சரித்திரமே. அதை அழித்துவிட்டால் நம் பேரர்களுக்கு எதைக் காட்டி உண்மையைச் சொல்வோம்? அதுவுமன்றி, அதே உலைக்கு நம்முடைய சொந்த நாணயங்களும் போகின்றன. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று சென்னை ராஜதானியில் கணக்கு நடந்தது. 1818-ல் கும்பினியார் வராகனைத் தள்ளி வெள்ளி ரூபாயை நிலைநாட்டினார்கள். வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்று விகிதம் வகுத்தார்கள். அதன்பின் நம் நாட்டுப் பொன் நாணயம் கணக்கிலிருந்து நீங்கி, சொல் வழக்கிலும் நகைப் பெட்டியிலும் மாத்திரம் தங்கிற்று. புதுக்கோட்டை சமஸ்தானத்து அம்மன் காசு ஒன்றுதான் அளவில் சிறிதாயினும் 1948-ல் சமஸ்தானம் இணையும்வரை பிடிவாதமாக உயிரோடிருந்தது.

ஒரு சிறு செப்புக்காசு என்ன செய்ய வல்லது என்பதற்குப் பாண்டிய நாட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. ‘தினமலர்’ ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் ஒரு சதுரச் செப்புக்காசை ஆராய்ந்து வெளியிட்டார். அதன் ஒரு புறத்தில் குதிரையும், பழந்தமிழ் எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயரும் இருந்தன. மறுபுறத்தில் பாண்டியரின் மீன் சின்னம் இருந்தது. சங்க காலத்து மன்னர்கள் வெறும் புலவர் கற்பனை என்று ஏளனம் செய்தவர்களுக்கு, ஆயிரம் பக்க வாதம் சொல்ல முடியாத பதிலை அந்தச் செப்புத்துண்டு சொல்லிற்று. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த ‘மாக்கோதை’ வெள்ளிக்காசுகளும் சேரரைப் பற்றி அவ்வாறே சாட்சி கூறின. இத்தகைய காசு எடைக்கு விலை போயிருந்தால் சில அணாக்களுக்குமேல் தேறியிராது. அது பழைய செம்போடு செம்பாகிக் குத்துவிளக்கின் ஓரமாய் முடிந்திருக்கும்.

உலைக்குத் தப்பியவை எல்லாம் நம்மிடம் தங்கின என்றும் சொல்வதற்கில்லை. 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமாபுரிப் பொற்காசுகள் அகப்பட்டன. பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தின்மீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. தமிழகத்தின் கடல் வாணிபத்தை விளக்கும் அந்தப் புதையலின் காசுகளைப் பார்க்க விரும்பும் தமிழன் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத்தான் கப்பலேற வேண்டும்.

அறியாமையின் ஒரு பக்கம் இது. மற்றொரு பக்கத்தில் ஏமாற்று நிற்கிறது. அரிய காசை எடைக்குக் கொடுக்கும் அதே ஜனங்களிடம், சாதாரணக் காசுக்கு லட்ச லட்சமாய்த் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் கைப்பேசியின் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு இத்தனை லட்சம், 2012-ல் வெளிவந்த வைஷ்ணவ தேவி நாணயத்துக்கு அத்தனை லட்சம் என்று ஆசை காட்டுகிறார்கள். ஏழை தன் நாணயத்தின் படத்தை அனுப்பியதும் ‘உமக்குப் பரிசு போன்ற விலை கிடைத்துவிட்டது’ என்கிறார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, தபால் செலவு, இன்ஷூரன்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பணம் கேட்கிறார்கள். வாங்குகிறவன் பணம் கொடுப்பதுதான் உலக வழக்கம். இங்கே விற்கிறவன் பணம் கட்டுகிறான்! ரிஸர்வ் பாங்கின் பெயரையும் சின்னத்தையும் வைத்தே இந்த மோசடி நடந்தமையால், 2021 ஆகஸ்டில் அந்தப் பாங்கு பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை, கமிஷனோ கட்டணமோ தான் கேட்பதில்லை, அவ்வாறு வசூலிக்க எவருக்கும் அதிகாரம் கொடுக்கவுமில்லை என்று தெளிவாக அறிவித்தது. முன்பணம் கேட்பவன் எவனாயினும் அவன் திருடனே என்று ஜனங்கள் திடமாகக் கொள்ள வேண்டும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நம்மை ஆண்டு வருகிறது. பத்து ரூபாய்க்குமேல் பெறுமான புதையல் அகப்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கு போவதோடு சிறைவாசமும் உண்டு. தெரிவித்தாலோ, ஸர்க்கார் அதை எடுத்துக்கொண்டு, பொருளிலுள்ள உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. சரித்திர மதிப்புக்கு அதில் ஒரு செப்புச்சல்லியும் இல்லை. பெருவழுதியின் காசானாலும் பித்தளைக் கரண்டியானாலும் தராசு ஒன்றே! பட்டறைத் தராசை நாம் குறை கூறினோம். ஸர்க்காரின் தராசும் அதற்கு உடன்பிறப்பாக இருக்கிறது. ஏர் முனையில் கலயம் தட்டினால் ஏழைக் குடியானவன் என்ன செய்வான்? கச்சேரிக்கு நடந்து, விசாரணைக்கு நின்று, உலோக விலையைப் பெறுவதைவிட, இரவோடிரவாய் உருக்கிவிடுவதே மேலென்று நினைக்கிறான். அவனைக் குற்றவாளி ஆக்குவது சட்டமே. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் நூறு வருஷத்துக்குக் குறையாத நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாதென்று தடுத்தது. அது நல்லதே; ஆனால் துறைமுகத்தைக் காக்க வந்த சட்டம் பட்டறை உலையைக் காக்க வந்ததன்று.

செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, புதையல் சட்டத்தைத் திருத்தி, கண்டெடுத்தவனுக்குச் சரித்திர மதிப்பை ஒட்டிய நியாயமான தொகையை, தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். உண்மை சொல்வதால் லாபம் உண்டென்று தெரிந்தால் குடியானவன் உண்மை சொல்வான். இரண்டாவதாக, விருதுநகரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தார் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் குறித்த நாட்களில் வந்திருந்து, ஜனங்கள் கொண்டுவரும் காசுகளைப் பார்த்து, இது இன்னது, இதற்கு இன்ன மதிப்பு என்று இலவசமாகச் சொல்ல வேண்டும். ஆடிப்பூரத் தேருக்கு ஊர் திரளும் சமயத்தைவிட இதற்கு ஏற்ற சமயம் எது? வாங்கவோ பறிமுதல் செய்யவோ வரவில்லை என்ற நம்பிக்கையை முதலில் உண்டாக்க வேண்டும்.

மூன்றாவது கடமை ஜனங்களுடையது. ராஜபாளையத்தில் பிறந்து சென்னை ராஜ்யத்தின் பிரதம மந்திரியாயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்காகப் பொதுஜனங்களுக்கு வழங்கினார். வீட்டைக் கொடுத்தவர் பிறந்த ஊரில் ஒரு காசைக் காக்க மனமுள்ளவர் இல்லாமற் போகமாட்டார்கள். எல்லோரும் தானம் செய்ய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. விற்பதாயினும் வருஷத்தைப் படித்து, அறிந்தவர் இருவரிடம் காட்டி, பிறகு விற்கட்டும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கத்தை விடட்டும். தேய்த்த காசுக்குச் சேகரிப்போரிடம் மதிப்புக் குறையும். நகை வியாபாரிகளும் தங்கள் பங்கைச் செய்யலாம். தராசில் போடுமுன் ஒரு கணம் எழுத்தைப் பார்த்து, அரியதாய்த் தோன்றுவதைத் தனியே எடுத்து வைத்தால் அவர்களுக்கும் நஷ்டமில்லை, நாட்டுக்கும் நஷ்டமில்லை.

வெள்ளி இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். இறங்கினால் மறுபடியும் வாங்கலாம். உருகிய நாணயத்தை எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது. பிரதி தினமும் கடைவீதியில் உலை எரிந்துகொண்டிருக்கிறது. சட்டசபையும் பார்லிமெண்டும் யோசித்து முடிக்கும்வரை அது காத்திருக்காது. ஆகையால் ஸர்க்கார் விரைவில் சட்டத்தைத் திருத்தட்டும். அதுவரையில் வீட்டிலுள்ள காசை வீட்டார் காக்கட்டும் என்று வற்புறுத்துகிறோம்.