ஊசிக்கு வந்த வேகம் குழாய்க்கு வரவில்லை

பெரியம்மையைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி வடசென்னையில் திரட்டப்பட்டது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், அங்கே சேர்க்கப்பட்ட 6,942 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு 1972இல் ஒரு நூல் எழுதினார். கொப்புளங்களின் தன்மையை வைத்து அவர் செய்த வகைப்பாட்டையே உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்டது. அந்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் அம்மை குத்திக்கொள்ளாதவர்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் இறந்தார்கள். எப்போதோ ஒருமுறை அம்மை குத்திக்கொண்டவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர்தான். வந்த நோய்க்கு மருந்து கிடையாது. நோயாளியோடு பழகியவர்களுக்கு மெதிசசோன் என்ற தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த சென்னை ஆய்வு 1963இல் வெளியானது. மருந்து எடுத்த 1,101 பேரில் 3 பேருக்கு மட்டுமே அம்மை கண்டது. எடுக்காத 1,126 பேரில் 78 பேருக்குக் கண்டது. பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் அதே அளவில் தெரியவில்லை என்பது வேறு கதை. ராவும் அவருடைய சகாக்களும் நோய் புகுந்த 254 குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து எழுதியதுதான் இவற்றில் முக்கியமானது. பெரியம்மை காட்டுத்தீயாய் ஊரெங்கும் பாய்வதில்லை, ஒரே கூரையின்கீழ் நெருங்கிப் புழங்குகிறவர்களைத்தான் பிடிக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஊர் முழுவதற்கும் ஊசி போட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; நோயாளியைத் தேடிப்பிடித்து, சுற்றியிருப்பவர்களுக்கு உடனே போட்டால் சங்கிலி அறுந்துவிடும். தமிழகத்தில் 1960களின் பிற்பகுதியிலேயே அது அறுந்தது. நாட்டின் பிற பகுதிகளில் அதற்கு 1975 வரை ஆயிற்று.

இந்த வெற்றியின் பெருமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிலிருந்து ஆட்சியாளர்கள் கற்றுக்கொண்ட பாடத்தில்தான் சந்தேகம். பெரியம்மை எல்லா வகையிலும் விதிவிலக்கான நோய். அது தண்ணீரில் வராது, விலங்கில் ஒளிந்திருக்காது, வந்தால் முகத்திலேயே தெரியும், ஒரு குத்து பல ஆண்டுகள் காக்கும். எனவே ராயபுரத்தில் ஒரு சாக்கடையைக்கூட மூடாமல், ஒரு குடிசைக்குக்கூட இரண்டாவது அறை கட்டாமல் அதை ஒழிக்க முடிந்தது. மனித உடம்பில் செய்யக்கூடிய வேலையை வடசென்னையில் நம் பொதுச் சுகாதாரத் துறையினர் பிரமாதமாகச் செய்தார்கள். தெருவில் செய்ய வேண்டிய வேலை அப்படியே நின்றது. முதல் வேலையின் வெற்றியே இரண்டாவதைத் தள்ளிப்போடச் சாக்காகவும் ஆயிற்று.

இதற்குச் சான்று 1992. அந்த ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் பரவிய காலராவின் கிருமி, அதுவரை கொள்ளைநோய் உண்டாக்கிய ஓ1 வகையைச் சேர்ந்ததாக இல்லை. பிறகு ஓ139 என்று எண்ணிட்டார்கள். வங்கக் கடலோரமாகவே அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் போனது. பெயரிலும் ‘பெங்கால்’ ஒட்டிக்கொண்டது, முதலில் தெரிந்த இடம் சென்னை என்றாலும். பழைய வகைக்கு எதிராக உடம்பில் ஊறியிருந்த எதிர்ப்புச் சக்தி இதனிடம் பலிக்கவில்லை. அதனால் குழந்தைகளோடு பெரியவர்களும் ஏராளமாக விழுந்தார்கள். கிருமி வேடம் மாற்றினால் ஊசி தோற்கும். சுத்தமான தண்ணீருக்கு ஓ1, ஓ139 என்ற பேதம் கிடையாது. வடசென்னைத் தெருக்களில் வீட்டு வாசல்தோறும் நிற்கும் அடிபம்பைப் பாருங்கள். அது பூமிக்கடியிலிருந்து ஊற்றுநீரை எடுப்பதில்லை. குடிநீர் வாரியத்தின் குழாயிலிருந்து இழுக்கிறது. குழாயில் நாள் முழுக்க அழுத்தம் இருந்தால் விரிசல் வழியே தண்ணீர் வெளியேதான் கசியும். சில மணி நேரமே தண்ணீர் விட்டு மூடினால் குழாய் வெறுமையாகி, பக்கத்தில் ஓடும் உடைந்த கழிவுநீர்க் குழாயின் கசிவை உள்ளே வாங்கிக்கொள்ளும். மேலே ஒருவர் பம்பை அடிக்க, அடுத்த வீட்டில் மோட்டார் போட, இழுப்பு இன்னும் கூடும். மறுநாள் முதல் நாலைந்து குடம் கலங்கலாக வருவதும், நாற்றம் போகும்வரை அடித்துக் கொட்டுவதும் இங்கே யாருக்கும் புதிதல்ல.

இதை அறியாதவர்கள் அல்ல நம் முன்னோர். 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிநீர், வடிகால், கொசு, தொற்றுநோய் அறிவிப்பு எல்லாவற்றையும் ஒரே சட்டத்துக்குள் வைத்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டத்துக்கு அதுவே முன்னோடி. 1978இல் சென்னையின் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி வாரியத்துக்குப் போயின. பொறியாளர்களுக்கும் பெருந்திட்டங்களுக்கும் அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் தண்டையார்பேட்டை மருத்துவமனை மாநகராட்சியின் கையில், அங்கே நோயாளியை அனுப்பிவைக்கும் குழாய் வாரியத்தின் கையில் என்றாகிவிட்டது. வயிற்றுப்போக்கு கண்ட தெருவுக்குக் குளோரின் மாத்திரையோடு ஒருவர் வருவார். ரோட்டைத் தோண்ட இன்னொருவர் வர வேண்டும்.

காசநோயில் இதே கதை சற்று நுட்பமாக நடந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றவர்களைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. நல்ல சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில்; நெரிசலும் அரைவயிறும் வீட்டில். குணமானவர்களின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்று 1959இல் முடிவு வந்தபோது, உலகமே தன் காசநோய்க் கொள்கையை மாற்றிக்கொண்டது. அது மகத்தான கண்டுபிடிப்புதான். ஆனால் ‘மருந்து வேலை செய்வதற்கு நல்ல வீடும் சோறும் அவசியமில்லை’ என்பது நாளடைவில் ‘காசநோய்க்கும் வீடு, சோற்றுக்கும் தொடர்பில்லை’ என்று படிக்கப்பட்டது. அதே மையத்தின் வாரிசான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற ஜார்க்கண்ட் ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்ததாலேயே அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒரே அறையில் ஷிப்டு முறையில் உறங்கும் தொழிலாளிக்கு ஆறு மாத மாத்திரை நிச்சயம் வேண்டும். அவர் பக்கத்தில் படுப்பவருக்கு அந்த மாத்திரையில் என்ன இருக்கிறது?

சாக்கடை கட்டி முடியும்வரை நோயாளி காத்திருக்க முடியுமா என்பார்கள். முடியாதுதான். ராவ் காத்திருந்திருந்தால் பெரியம்மை போயிருக்காது. ஊசியா குழாயா என்ற போட்டி இங்கே இல்லவும் இல்லை. காலராவில் இன்று யார் சாகிறார்கள் என்பது இதைவிடக் கனமான வாதம். உப்புச் சர்க்கரைக் கரைசலும் குளுக்கோஸ் பாட்டிலும் சாவைத் தடுத்துவிடுகின்றன, உண்மை. சாவு குறைந்ததும் அவசரமும் குறைந்தது என்பதும் உண்மை. சாகாமல் பிழைத்தவர் இழந்த கூலியும், மஞ்சள் காமாலைக்கும் டைபாய்டுக்கும் அதே குழாய்தான் வழி என்பதும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறதே என்றும் கேட்கலாம். ஆலை வாசலில் அந்தத் தண்ணீர் சுத்தம். பழைய குழாய்களைக் கடந்து அடிபம்பின் வாய்க்கு அது எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி.

செலவு பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எங்கே தொடங்குவது என்று கண்டுபிடிக்கச் செலவு அதிகமில்லை. 2020இல் ராயபுரம் மண்டலம் கொரோனா எண்ணிக்கையில் நகரத்திலேயே முதலிடத்தில் நின்றபோது, மண்டலவாரியாகத் தினமும் கணக்கு வெளியிடவும் வீடுவீடாக ஆள் அனுப்பவும் மாநகராட்சியால் முடிந்தது. எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, அதே தெருவில் எத்தனை முறை கழிவுநீர் கலந்த புகார், குழாயில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அழுத்தம் என்று மாநகராட்சியும் வாரியமும் சேர்ந்து ஒரே பட்டியலாக வாரந்தோறும் வெளியிடட்டும். எந்த ரோட்டை முதலில் தோண்டுவது என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.