துருவின் வகைகளை எண்ணாமல் கோதுமையைக் காக்க முடியாது

பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் ஒரு காலத்தில் கோதுமை என்றாலே பி.பி.டபிள்யூ. 343 தான். 1990-களின் நடுவில் வெளியான இந்த ரகம், உச்சத்தில் இருந்தபோது சுமார் 70 லட்சம் ஹெக்டேரில் விளைந்தது. மஞ்சள் துரு நோயிடமிருந்து அதைக் காத்தது ஒய்.ஆர். 27 என்ற எதிர்ப்பு மரபணு. அந்த மரபணுவை மீறக்கூடிய துருப் பூஞ்சை வகை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வட இந்தியாவில் கண்டறியப்பட்டது. விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். விதைப்பு பழையபடியே நடந்தது. 2011-க்குள் மஞ்சள் துரு வடமேற்கு மாநிலங்களின் வயல்களில் பெரும் தொல்லையாக உருவெடுத்தது. அடுத்து வந்த எச்.டி. 2967 ரகமும் அதேபோல் எங்கும் பரவியது; அதன் எதிர்ப்புத் திறனும் பின்னர் தளர்ந்தது.

விளைச்சல் தரும் ரகத்தை விவசாயி விரும்பி விதைக்கிறார். அதில் தவறு இல்லை. எந்த ரகத்தை எவ்வளவு பரப்பில் பெருக்குவது என்று முடிவெடுக்கும் அரசும் விதை நிறுவனங்களும், பூஞ்சையின் பக்கம் என்ன மாற்றம் நடக்கிறது என்று பாராமல் இருப்பதே தவறு.

துருப் பூஞ்சையின் வித்துகள் காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். பருவம் ஒத்துழைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு தலைமுறை உருவாகும். பெரும்பாலானவை தாயின் அச்சு அசல் நகல்கள்தாம். ஆனால், கோடிக்கணக்கான நகல்களில் எங்கோ ஒன்றில் நேரும் சிறு மரபணு மாற்றம் பயிரின் எதிர்ப்பைத் தோற்கடித்துவிட்டால், அதற்கு அடுத்த வயல், அடுத்த மாவட்டம், அடுத்த மாநிலம் என எல்லாம் திறந்து கிடக்கிறது. எங்கும் ஒரே ரகம் என்றால், அந்த ஒற்றை நகலை வளர்த்து ஆளாக்குவது நாமேதான்.

பூஞ்சைக்கு வேறு வழிகளும் உண்டு. 1998-இல் உகாண்டாவில் கண்டெடுக்கப்பட்ட யு.ஜி. 99 என்ற கருந்துரு வகை, உலகெங்கும் நம்பப்பட்ட எஸ்.ஆர். 31 மரபணுவை முறியடித்தது. அது எப்படிப் பிறந்தது என்பது 2019-இல்தான் தெளிவானது. துருப் பூஞ்சையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு உட்கருக்கள் உண்டு. யு.ஜி. 99-இன் இரண்டில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த பழைய வகை ஒன்றின் உட்கருவோடு அப்படியே பொருந்தியது. பாலினப் பெருக்கம் இல்லாமலேயே இரு வகைகள் இணைந்து முழு உட்கருவைக் கைமாற்றிக்கொண்டிருக்கின்றன. யு.ஜி. 99 இந்தியாவில் இதுவரை பதிவாகவில்லை. ஆனால், பி.பி.டபிள்யூ. 343 ரகம் கருந்துருவுக்கு எதிராக நம்பியிருந்ததும் அதே எஸ்.ஆர். 31 தான் என்பதை மறக்கக் கூடாது. “துரு வந்திருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தத் துரு, அதன் மரபு என்ன என்று ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு இருக்கிறது. சமவெளியின் கோடை வெயிலில் மடிந்துபோகும் துரு, மலைகளில் உயிர் பிழைத்து மீண்டும் இறங்கி வருகிறது என்று காட்டியவர் ஆக்ராவில் பணியாற்றிய கே.சி. மேத்தா. மஞ்சள் துருவுக்கு இமயமலை. கருந்துருவுக்கும் பழுப்புத் துருவுக்கும் தெற்கே நீலகிரியும் பழனி மலையும் புகலிடம். வங்கக் கடலின் புயல் காற்றுகள் நீலகிரியின் கருந்துரு வித்துகளை மத்திய இந்தியா வரை கொண்டுபோய் மழையோடு இறக்குவதை 1970-களின் ஆய்வுகள் விளக்கின. கோதுமை மிக அரிதாகவே விளையும் தமிழகத்தில், நீலகிரியின் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பதன் நியாயம் இதுதான்.

சிம்லாவின் பிளவர்டேல் நிலையம் நாடெங்கும் இருந்து வரும் துரு மாதிரிகளை வகை பிரித்து, அந்த வகைகளை உயிரோடு பாதுகாக்கிறது. இந்த இரு நிலையங்களின் பணியும் மூன்றாண்டுத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம் என்று நிதிக்குக் கையேந்தும் நிலையில் ஒருபோதும் விடப்படக் கூடாது. வானிலை ஆய்வைப்போல இதையும் நிரந்தரச் செலவாகவே அரசு கருத வேண்டும். மரபணு வரிசை அறியும் வசதியும் அங்கேயே இருக்க வேண்டும்.

அதைவிட அவசரமானது விதைக் கொள்கை. ஒவ்வொரு ரகமும் எந்த எதிர்ப்பு மரபணுக்களை நம்பி நிற்கிறது என்பதை விதை மூட்டையின் சான்றட்டையிலேயே அச்சிட வேண்டும். ஒரே மரபணுவை நம்பும் ரகங்கள் ஒரு மண்டலத்தின் பரப்பில் குறிப்பிட்ட பங்கைத் தாண்டாதபடி, அரசு நிறுவனங்கள் வழங்கும் விதைக்கு உச்சவரம்பு வேண்டும். இது விவசாயியின் உரிமையில் தலையிடுவது ஆகாது. அவருக்குக் கிடைக்கும் தேர்வுகளைப் பெருக்குவது.

பூஞ்சைக்கொல்லி இருக்கிறதே என்பார்கள். முதல் திட்டுகள் தெரிந்தவுடன் தெளித்தால் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், ஒவ்வொரு தெளிப்பும் சிறு விவசாயியின் கையிலிருந்து போகும் பணம். மருந்துக்குப் பழகிவிடும் குணமும் பூஞ்சைகளுக்கு உண்டு.

மஞ்சள் துருவின் மரபணு வேறுபாடுகள் உலகிலேயே மிகுந்து காணப்படுவது இமயமலையை ஒட்டிய பகுதிகளில். 2011-இல் ஐரோப்பாவைக் கலங்கடித்த ‘வாரியர்’ வகையின் மூலமும் அப்பகுதிதான். ஆகவே நேபாளம், பாகிஸ்தான், சீனாவுடன் துரு மாதிரிகளின் தகவலைப் பகிர்ந்துகொள்ள, அரசியல் உறவு எப்படி இருந்தாலும் அறுபடாத ஓர் ஏற்பாடு தேவை. குறைந்தபட்சம் உள்நாட்டிலாவது, ராபி பருவத்துக்கான விதை ஒதுக்கீட்டை இறுதி செய்யும் கூட்டத்தின் மேசையில் அந்த ஆண்டின் துரு வகைப் பட்டியல் இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் எந்த ரகத்துக்கும் ஒப்புதல் தரக் கூடாது.