விதை நம் கையில் இருந்தால்தான் வெள்ளரி நம் பயிர்



பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம்ம ரமணாசிரமம் பகுதியில் செங்கம் ரோடு பூரா ஜனம். கிரிவலம் வருகிறவர்கள் கையில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவின வெள்ளரிப் பிஞ்சு. அதை விளைவிக்கிறவன் கையில் என்ன இருக்கு? கிணற்றில் கொஞ்சம் தண்ணீர், பிளாட் போட்டது போக மிச்சம் இருக்கிற அரைக் காணி, கடையில் காசு கொடுத்து வாங்கின விதைப் பாக்கெட். அவ்வளவுதான்.

விதைச்ச நாற்பது, நாற்பத்தைந்து நாளில் காய் அறுத்துக் காசு பார்க்கிற பயிர் இது. சின்ன விவசாயிக்கு இந்த மாதிரிப் பயிர் குறைவு. ஆனால் விதை பொய்த்தால் அந்தப் பட்டமே போச்சு. அதனால்தான் இந்த முறை விதையைப் பற்றிப் பேசுகிறோம்.

வீரிய ஒட்டு விதையே வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. வெள்ளரிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. காய் பிடிப்பது பெண் பூவில்தான். நாட்டு ரகத்தில் ஆண் பூ முந்தி வரும், எண்ணிக்கையும் கூடுதல். ஏறக்குறைய எல்லாமே பெண் பூவாகப் பூக்கும் குணத்தைக் கொரியா நாட்டு விதை ஒன்றிலிருந்து எடுத்து, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1960ஐ ஒட்டிப் புது வித்து உண்டாக்கினார்கள். காய்கள் ஒரே சமயத்தில் நிறைய, ஒரே அளவில் வந்தன. அது நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஒட்டு ரகத்தில் விதை எடுத்து மறுபடி போட்டால் தாய் ஒரு மாதிரி, பிள்ளை ஒரு மாதிரி. பாலிஹவுஸ் ரகங்கள் சிலவற்றில் காய்க்குள் விதையே இருக்காது. ஆக, ஒவ்வொரு பட்டத்துக்கும் கடை வாசலில்தான் நிற்கணும்.

சரி, இந்த வெள்ளரி யாருடையது? இதன் பிறந்த வீடு இந்தியா. காட்டு வெள்ளரி இன்றைக்கும் இமயமலை அடிவாரத்தில் கசப்புக் காயோடு கிடக்கிறது. 2013ல் உலகம் பூரா இருந்து 115 வெள்ளரி வகைகளைச் சீன விஞ்ஞானிகள் தலைமையில் ஆராய்ந்தார்கள். அதிகமான வேறுபாடு இந்திய வகைகளில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. இன்னொரு சங்கதி கேளுங்கள். வெள்ளரியை இலையோடு தீய்ப்பது அடிச்சாம்பல் நோய். அதைத் தாங்கும் குணம் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு விதையில் கிடைத்தது. அதைச் சேர்த்து அவர்கள் 1966ல் வெளியிட்ட ரகம்தான் பாயின்செட். நம்ம மண்ணின் குணம் சீமை ரகம் என்ற பெயரோடு நமக்கே திரும்பி வந்தது! அந்த எதிர்ப்புச் சக்தியும் நிற்கவில்லை. 2004ல் அமெரிக்காவில் நோய்க்கிருமி மாறி வந்து, தாங்கின ரகங்களையே சாய்த்தது. நோய் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடு கொடுக்கப் பலதரப்பட்ட விதை வேண்டும். அது நம் நாட்டு ரகங்களில்தான் இருக்கிறது. அவை தொலைந்தால் எந்தக் கம்பெனியாலும் திருப்பித் தர முடியாது.

ஊறுகாய் வெள்ளரியைப் பாருங்கள். கர்நாடகாவில் 1990களில் ஆரம்பித்து தமிழ்நாடு, ஆந்திரா என்று பரவிய ஒப்பந்தப் பயிர். 2020-21ல் வெள்ளரியும் ஊறுகாய் வெள்ளரியுமாக 2,23,515 டன் ஏற்றுமதி, மதிப்பு 22 கோடி டாலருக்கு மேல் என்று மத்திய அரசு சொன்னது. இதன் பின்னால் 65,000 ஏக்கரில் சுமார் 90,000 சிறு விவசாயிகள். விதை கம்பெனி கொடுப்பது, மருந்து கம்பெனி சொல்வது, காயின் தரம் கம்பெனி பிரிப்பது. காய் ஒருநாள் பிந்திப் பெருத்தால் விலை சரியும். நிலமும் உழைப்பும் மட்டும்தான் நம்முடையது. விதையை விட்டவன் விலையையும் விட்டான்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளணும். 2001ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, விதையை எடுத்து வைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்டு மட்டும் விற்கக்கூடாது. இந்தச் சட்டப்படி பதிவான ரகம் சொன்ன விளைச்சலைத் தராவிட்டால் நஷ்டஈடு கேட்கவும் அதே பிரிவில் வழி உண்டு. 2019ல் குஜராத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் பெப்சிகோ தலைக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. ஒற்றுமையாக நின்றதால்தான் சட்டம் கைகொடுத்தது.

நம் வேலையும் இருக்கிறது. கடைசியாக மிஞ்சின சொத்தைக் காயில் விதை எடுக்காதீர்கள். நோய் தாங்கி, அடிக் கணுவிலேயே பெண் பூ விட்டு, கசப்பில்லாமல் நேரான காய் தரும் இருபது, இருபத்தைந்து கொடிகளுக்குக் கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். மறுநாள் விரியப் போகிற ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மாலையிலேயே நூலால் கட்டுங்கள். காலையில் பிரித்து மகரந்தத்தைத் தடவி, பெண் பூவை மறுபடி கட்டுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் கொல்லை ஒட்டு ரகத்தைத் தேனீ கொண்டுவந்து கலந்துவிடும். வெடிக்கிற வெள்ளரிப்பழம் வேறு இனம், அது இதோடு சேராது, பயம் வேண்டாம். காய் பழுத்து நிறம் மாறியபின் அறுத்து, சில நாள் வைத்து, விதையை ஓரிரு நாள் புளிக்கவிட்டு, கழுவி நிழலில் உலர்த்துங்கள். நாலைந்து வருஷம் விடாமல் செய்தால் நம் மண்ணுக்கு ஏற்ற வெள்ளரி நம் கையில்.

கடை விதை வாங்கினால் பில், காலிப் பாக்கெட், ஒரு பிடி விதை மூன்றையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வையுங்கள். ஆதாரம் இல்லாமல் நியாயம் கிடைக்காது.

அரசிடம் நாம் கேட்பது:

1. வாழவச்சனூர் வேளாண் கல்லூரியும் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையமும் நம் மாவட்டத்து நாட்டு வெள்ளரிகளைச் சேகரித்து, விவசாயி நிலத்திலேயே தேர்வு செய்து, மறுபடி விதை எடுக்கக்கூடிய ரகமாகத் தரவேண்டும்.

2. அந்த விதை பட்டத்துக்கு முன்பே தோட்டக்கலைத் துறை மூலம் நியாய விலையில் கிடைக்க வேண்டும்.

3. பாக்கெட்டில் விளைச்சல், நோய் தாங்கும் திறன், மறுவிதை எடுக்கலாமா கூடாதா என்ற விவரம் தமிழில் இருக்க வேண்டும்.

4. விதை பொய்த்தால் கொடி காய்வதற்குள் அதிகாரி வயலுக்கு வந்து பார்க்க வேண்டும். நஷ்டஈட்டை அடுத்த பட்டத்துக்குள் வாங்கித் தர வேண்டும்.

விவசாயிகளே! மனுவாக எழுதிக் கொடுத்தால் கோப்பில் தூங்கும். கூட்டமாகப் போய் நின்றால்தான் பதில் வரும். குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது வாருங்கள். வரும்போது வீட்டில் இருக்கிற நாட்டு வெள்ளரி விதையில் ஒரு பிடி கொண்டுவாருங்கள். கலெக்டர் மேஜையில் நம் கோரிக்கையோடு அதையும் வைப்போம்.

விதை உரிமை காப்போம்! விவசாயி ஒற்றுமை ஓங்குக!

– செயலாளர்