யாருக்குச் சொகுசு, யாருக்கு ஆடம்பரம்?



அகராதியில் சொகுசு, ஆடம்பரம், உல்லாசம் மூன்றும் பக்கத்து வீட்டுச் சொற்கள். தோட்டத்தில் அப்படியில்லை. இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி விலாசம் இருக்கிறது. சொகுசு துரை பங்களாவுக்குப் போகிறது. உல்லாசம் வெளிநாட்டுப் பயணிக்குப் போகிறது. லயத்துக்கு வந்து சேர்வது ஆடம்பரம் மட்டும்தான், அதுவும் திட்டாக.

மலையகத்தின் பழைய துரை பங்களாக்கள் பல இன்று ஹோட்டல்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி இருக்கின்றன. கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாகி நிற்கிறது. இப்படிப்பட்ட இடங்களின் விளம்பரங்களில் தவறாமல் வரும் சொற்கள் 'சொகுசு', 'பாரம்பரியம்'. பயணி சன்னலைத் திறந்தால் தெரிகிற பச்சை மலை நாம் நிரை பிடித்து நிற்கிற மலை. விளம்பரப் படத்தில் நாமும் இருக்கிறோம், முதுகில் கூடையோடு, சிரித்த முகத்தோடு. ஹோட்டல் வரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அங்கே வேலை பார்க்கிறார்கள். நாம் கேட்பது இதுதான்: வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பங்களா பாரம்பரியம் என்றால், அதே காலத்தில் கட்டிய பத்தடிக் காம்பிரா என்ன? பங்களாவின் பழைய ஓடு மாறாமல் இருப்பது அழகு. லயத்தின் ஓட்டைத் தகரம் மாறாமல் இருப்பதற்குக் காரணம் 'நிதி இல்லை'.

தேயிலையையும் பாருங்கள். வெளிநாட்டுக் கடையில் அது பட்டுத் துணி சுற்றிய பெட்டிக்குள் இருக்கும், அரசர் குடிக்கிற பானம் போல. ஒரு கணக்குப் போடுவோம். பல தோட்டங்களில் ஒரு பேருக்கு 18 கிலோ கொழுந்து கேட்கிறார்கள். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலையாகிறது. அப்படியென்றால் 18 கிலோவில் 4 கிலோ. ஒரு கோப்பைக்கு 2 கிராம் போட்டால் 2,000 கோப்பை. ஒரு பெண் ஒரு நாளில் 2,000 பேருக்குத் தேநீர் கொடுக்கிறாள். மழையிலோ வரட்சியிலோ கொழுந்து குறைந்து 16 கிலோவோடு தராசுக்கு வந்தால் அவளுக்கு அரைப்பேர். கோப்பையில் சொகுசு குறையவில்லை, பேர்தான் பாதியாகிவிட்டது. (பஸ்ஸில்கூட 'அரைச் சொகுசு' என்று ஒன்று இருந்தது. அதற்கும் முழு டிக்கெட்டை விடக் கூடுதலாகத்தான் வாங்கினார்கள்!)

இனி நம் ஆடம்பரத்துக்கு வருவோம். சம்பளம் கேட்கும்போதெல்லாம் இந்தச் சொல் எங்கிருந்தோ வந்து குந்திக்கொள்ளும். 'திருவிழா செய்கிறார்கள், சடங்கு செய்கிறார்கள், பிள்ளைக்கு ஸ்மார்ட் போன் வாங்குகிறார்கள், பிறகு சம்பளம் போதாது என்கிறார்கள்.' ஆயிரம் ரூபாய்க்காக வருடக்கணக்கில் போராடிய காலத்திலும் இதைக் கேட்டோம். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் அது வர்த்தமானியில் வந்தபோது, கட்டுப்படியாகாது என்று கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஆயிரம் ரூபாய் அன்று என்ன ஆடம்பரத்துக்குப் போதும்? கொரோனாக் காலத்தில் அதே ஸ்மார்ட் போன்தான் பிள்ளையின் பள்ளிக்கூடம். சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை.

தீபாவளிச் செலவைச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டம் கொடுப்பது முற்பணம், போனஸ் அல்ல. மாதா மாதம் சம்பளத்தில் வெட்டி முழுதாகத் திருப்பி எடுக்கப்படும் கடன். நம் உழைப்பை அடகு வைத்து நாமே வாங்கிய சேலையை ஊதாரித்தனம் என்பவர், சம்பளச் சீட்டின் கழிவுப் பக்கத்தை ஒரு தடவை வாசிக்கட்டும்.

வடமொழியில் 'ஆடம்பரம்' என்றால் முரசு, அதன் பேரோசை என்றும் பொருள் உண்டு. ஒரு காலத்தில் இருட்டோடு தப்படித்துத்தான் நம் முன்னோரைப் பிரட்டுக்கு எழுப்பினார்கள். தோட்டத்தில் அந்தப் பேரோசை எழுந்தது யாருடைய வேலைக்கு என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அதே தப்பை நாம் காமன் கூத்துக்கு அடித்தால் அது வீண் செலவாகிவிடும்!

இன்னொரு சொல்லிலும் கவனமாக இருக்க வேண்டும்: 'சலுகை'. வீடு கொடுக்கிறோம், பிள்ளைக் காம்பிரா நடத்துகிறோம், மருந்து கொடுக்கிறோம், ஆகவே உங்கள் உண்மைச் சம்பளம் இன்னும் அதிகம் என்று பேச்சுவார்த்தை மேசையில் கணக்குக் காட்டுவார்கள். ஒழுகும் காம்பிரா நமக்குக் கிடைத்த சொகுசாம்! தாய் மலைக்குப் போனால்தான் கொழுந்து வரும், பிள்ளையைப் பார்க்க ஆள் இருந்தால்தான் தாய் மலைக்குப் போவாள். அது தொழிலை நடத்தும் செலவு. தொழிற்சாலை இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவதை இயந்திரத்துக்குக் கொடுத்த சலுகை என்று எந்தக் கம்பனியாவது எழுதுமா?

அரசாங்கமும் சளைத்ததல்ல. 2018 வரை இறக்குமதியாகும் சானிட்டரி நாப்கினுக்கு விழுந்த வரிகளைக் கூட்டினால் 100 சதவீதத்தைத் தாண்டும். கழிப்பறை இல்லாத மலையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணின் தேவைக்கு ஏதோ வாசனைத் திரவியத்துக்குப் போடுவதைப் போல வரி. அதே நாட்டில் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையில்லாமல் வாகனம் இறக்க அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'கடமைத் தேவை'. சந்தாவில் வளர்ந்த தலைவர்கள் சிலர் அப்படிப்பட்ட வாகனத்தில் வந்திறங்கி, நமக்குச் சிக்கனம் போதித்துவிட்டுப் போனதையும் பார்த்தோம். கம்பனிக்கு ஒரு நியாயம், தலைவருக்கு ஒரு நியாயம் என்று இந்தப் பத்திரிகை எழுதாது.

அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும் நம் பிரதிநிதிகள் 'சலுகை' என்ற தலைப்பின் கீழ் வீட்டையும் பிள்ளைக் காம்பிராவையும் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம். அவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது. கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளின் பிரதியை உங்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத் தலைவியிடமோ கொடுங்கள். அரைப்பேர் விழுந்த நாட்களையும் அன்று தராசில் நின்ற கிலோவையும் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். முற்பணத்துக்கு வெட்டிய தொகையின் கீழே ஒரு கோடு போடுங்கள்.