ஞாயிறு பதிவு: சாமி போச்சு, கொட்டகை இருக்கு

மூன்று வாரமா ஆளையே காணோம்னு திட்டாதீங்க மக்களே, எல்லாம் அசைன்மென்ட் படுத்தும் பாடு. இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன். நேத்து ராத்திரி அம்மா போன் பண்ணி, "தம்பி, பத்தாயத்தப் பிரிச்சு மரக்கடைக்குக் குடுத்துடலாமாப்பா? சும்மா எடத்த அடச்சுக்கிட்டு கெடக்கு"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியல.

போனை வைத்ததும் ஞாபகம் வந்தது, போன வருஷம் ஊருக்குப் போகும் வழியில் லண்டனில் இறங்கினபோது சித்தப்பா காரில் கூட்டிப்போன ஓர் இடம். எஸ்ஸெக்ஸில் விட்டம், பிரெய்ன்ட்ரீ இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் 'கிரெஸ்ஸிங் டெம்பிள்'. பேரைக் கேட்டு கோயில்னு நினைத்து செருப்பைக் கழற்றத் தயாரா போனேன் :-) அங்கே இருந்தது இரண்டு தானியக் கொட்டகை.

டெம்ப்ளர்கள் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. சிலுவைப்போர்க் காலத்துத் துறவி வீரர்கள். ஜெருசலேமில் சண்டை போட காசு வேணுமே? அதற்கு ஐரோப்பா முழுக்க பண்ணைகள். நம்மூர் தேவதான நிலம் மாதிரி தானமாக வந்தவை. இந்த இடம் 1137ல் ஸ்டீபன் மன்னரின் ராணி மட்டில்டா கொடுத்தது. பார்லிக் கொட்டகை, கோதுமைக் கொட்டகை இரண்டுமே 13ஆம் நூற்றாண்டில் கட்டியவை.

உள்ளே நுழைந்ததும் கழுத்து தானாக மேலே போகிறது. இரண்டு வரிசை ஓக் தூண்கள், அதன்மேல் உத்தரம், அதன்மேல் கூரை. ஓக்கைப் பச்சையாக இருக்கும்போதே செதுக்கி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, மர ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். காயக் காய மரம் முறுக்கிக்கொண்டு இன்னும் இறுகுமாம். நடுவில் கதிர்வண்டி நுழையும் உயரமான வாசல். எதிரெதிர்க் கதவுகளைத் திறந்துவிட்டால் காற்று ஊடே போகும், அங்கேயே அடித்துத் தூற்றிக்கொள்ளலாம். கூரை போட்ட களத்துமேடு, அவ்வளவுதான்! மழை எப்ப வரும்னு தெரியாத ஊர், வேற என்ன செய்வாங்க?

1312ல் போப் அந்தச் சங்கத்தையே கலைத்துவிட்டார். சொத்து ஹாஸ்பிடலர்கள் என்ற இன்னொரு வீரத்துறவிகள் கைக்குப் போனது. அவர்களின் இங்கிலாந்துத் தலைவர் ராபர்ட் ஹேல்ஸ்தான் மன்னரின் கஜானா அதிகாரி. 1381ல் தலைவரி தாங்காமல் கிளம்பிய குடியானவர்கள் இந்தப் பண்ணையைச் சூறையாடினார்கள், லண்டனில் ஹேல்ஸின் தலையையும் எடுத்தார்கள். கொட்டகைகள் தப்பிவிட்டன.

டெம்ப்ளர்கள் கும்பிட்ட சிற்றாலயம் இன்றைக்கு இல்லை. தரைக்குக் கீழே அடித்தளம்தான் மிச்சம். நெல் வைத்த இடம்... சரி, கோதுமை வைத்த இடம் நிற்கிறது. சொந்தக்காரன் யாராக மாறினாலும் அறுப்பு அறுத்தால் வைக்க இடம் வேண்டுமே. கடைசியில் 1987ல் எஸ்ஸெக்ஸ் கவுன்சில் வாங்கிக்கொண்டது.

எங்க ஊர்ப்பக்கம் கதை தலைகீழ். சாமி அப்படியே இருக்கும், களஞ்சியம்தான் காணாமல் போகும். தப்பித்தது அபூர்வம். பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று நிற்கிறது. சின்ன வயசில் அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறேன், ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

நான் இருக்கும் பார்க்டேல் வீடும் ஒரு காலத்தில் பெரிய மனுஷன் வீடு. இப்ப அறை அறையாத் தடுத்து வாடகைக்கு விட்டிருக்காங்க. அதனாலதான் இன்னும் இடிக்கல போல.

ஆனா பத்தாயத்துக்கு என்ன வேலை குடுக்கிறது? வயலைக் குத்தகைக்கு விட்டு ஆறு வருஷமாச்சு. அரிசி கடையில் வாங்குறோம். தாத்தா செய்ய வைத்தது, பலகைக்குப் பலகை கோத்தது, கீழே ஒரு சின்ன வாய். அதுக்குள்ள ஒளிஞ்சு தூங்கிப்போய் ஊரையே தேட வெச்சிருக்கேன்.

காலையில் அம்மாவைக் கூப்பிட்டு, "டிசம்பர்ல வர்றேன், அதுவரைக்கும் தொடாதீங்க"ன்னேன்.

"வந்து என்னடா பண்ணப்போற?"

"தெரியலம்மா."

"மரக்கடைக்காரர் வெள்ளிக்கிழமை வர்றேன்னுட்டாரே."

இன்னைக்கு ஞாயிறு. பத்தாயத்தை வேற எதுக்காவது பயன்படுத்துறவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா, சீக்கிரம்.